ஒரு வடிவம், இரு வேர்: ‘எக்சைஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் தமிழ் வரிச்சொற்களில் நீக்கற்பொருளும்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தில் ‘எக்சைஸ்’ என்னும் ஒரே எழுத்துவடிவம் உள்நாட்டுப் பொருள்மீதான வரியையும் வெட்டி அகற்றுதலையும் குறிக்கிறது. இவ்விரு பொருளும் ஒரு வேரிலிருந்து கிளைத்தவை அல்ல. வேறுவேறு வேர்கள் ஒலியால் நெருங்கி ஒரு வடிவத்தில் வந்து நின்றவை. தமிழில் இச்சொல்லுக்கு நிகராகக் கலால், ஆயத்தீர்வை, மதுவரி, உற்பத்தி வரி ஆகியன வழங்குகின்றன. இவற்றின் பொருளெல்லையை வரையறுப்பதும், தண்டு, தீர், இறு, பகு முதலிய தமிழ் வினைகளில் வரிப்பொருளும் நீக்கற்பொருளும் உறவுகொள்ளும் முறையை ஆராய்வதும், இருமொழி அகராதியில் இச்சொல் இடம்பெற வேண்டிய முறையைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

திறவுச்சொற்கள்: எக்சைஸ், கலால், ஆயத்தீர்வை, தண்டல், தீர்வை, இறை, வெட்டி, ஒப்புருச்சொல், அகராதியியல்.

முன்னுரை

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பதும், பல சொற்கள் ஒரே வடிவம் பெறுவதும் வேறுவேறு நிகழ்வுகள். முன்னதைப் பலபொருள் ஒருமொழி என்றும், பின்னதை ஒப்புருச்சொல் என்றும் பிரித்துணர்வது அகராதியியலின் தொடக்கப் பாடம். ஆயினும் பிறமொழிச் சொல்லுக்குத் தமிழ் நிகரன் தேடும்போது இப்பாடம் எளிதில் மறக்கப்படுகிறது. தலைச்சொல் ஒன்று, அதன் கீழ் காற்புள்ளியிட்டு நான்கைந்து பொருள் என்னும் முறையில் தொகுக்கப்படும் பட்டியல்களில், வரியும் அறுவையும் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றைப் பயன்படுத்தும் மாணவர் இரண்டுக்கும் இடையே ஏதோ ஓர் உட்தொடர்பு உண்டு என்று கருதுவது இயல்பே. வரி என்பது மக்களின் பொருளிலிருந்து வெட்டியெடுக்கப்படும் பங்குதானே என்னும் விளக்கமும் உடனே தோன்றிவிடுகிறது. கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கும் இவ்விளக்கம் ஆங்கிலச் சொல்லைப் பொறுத்தவரை பிழையானது. தமிழ்ச் சொற்கள் சிலவற்றைப் பொறுத்தவரையோ அது முற்றிலும் பிழை என்று ஒதுக்கத்தக்கதன்று. இந்த முரணே இங்கு ஆய்வுப்பொருளாகிறது.

எக்சைஸ்: இருவேறு வரலாறு

வெட்டி அகற்றுதல் என்னும் பொருளுடைய எக்சைஸ் ஒரு வினைச்சொல். ‘வெளியே’ எனப் பொருள்தரும் ‘எக்ஸ்’ என்னும் முன்னொட்டும், ‘வெட்டு’ எனப் பொருள்தரும் ‘கைதெரே’ என்னும் இலத்தீன் வினையும் சேர்ந்த சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது ஆங்கிலத்துக்கு வந்தது. இக்குடும்பம் பெரியது. கீறலைக் குறிக்கும் ‘இன்சைஸ்’, செறிவைக் குறிக்கும் ‘கன்சைஸ்’, துல்லியத்தைக் குறிக்கும் ‘பிரிசைஸ்’, முடிவெடுத்தலைக் குறிக்கும் ‘டிசைட்’ ஆகிய யாவும் வெட்டுதலை அடிப்படையாகக் கொண்டவையே. முடிவெடுத்தலுக்கும் வெட்டுதலுக்கும் உள்ள இவ்வுறவைத் தமிழ் மாணவர் வியக்க வேண்டியதில்லை. துணித்தல் என்பது வெட்டுதல். துணிதல் என்பது முடிவுசெய்தல். வெட்டி எடுக்கப்பட்ட ஆடைத்துண்டும் துணியே. தொடர்பற்ற இரு மொழிகள் ஒரே சிந்தனைப் பாதையில் நடந்ததற்கு இது நல்ல சான்று.

வரியைக் குறிக்கும் எக்சைஸ் பெயர்ச்சொல். இதன் வரலாறு வேறு. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் தென்படும் இச்சொல் இடைக்கால டச்சு மொழியிலிருந்து பெறப்பட்டது. அதன் பழைய வடிவம் ‘எக்ஸ்’ என்று தொடங்கவில்லை. ‘அக்’ என்றே தொடங்கியது. மதிப்பீடு, வரி என்னும் பொருளுடைய பழம்பிரெஞ்சுச் சொல்லுடனும், அதன்வழி ‘சென்சுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுடனும் அதனை இணைப்பர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் குறிக்கும் இன்றைய ‘சென்சஸ்’ இந்தச் சொல்லே. அவ்வாறாயின் இவ்வரிச்சொல்லின் அடியில் இருப்பது கணக்கு, கத்தி அன்று. டச்சில் ‘அக்சைன்ஸ்’, பிரெஞ்சில் ‘அக்சீஸ்’, உருசிய மொழியில் ‘அக்த்சீஸ்’ என இன்றும் அகர முதலாகவே இச்சொல் வழங்குவதை நோக்க, ஆங்கில வடிவமே திரிபுற்றது என்பது விளங்கும். வெட்டுதலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் சாயல் படிந்து முதலெழுத்து மாறிற்று. அறிந்த சொல்லைக் கொண்டு அறியாச் சொல்லுக்கு உருவமும் விளக்கமும் தரும் இவ்வியல்பை மொழியியலார் மக்கள் சொற்பிறப்பு என்பர்.

சொல்லைப் போலவே வரியும் இறக்குமதிதான். நெதர்லாந்தில் நடைமுறையில் இருந்த இவ்வரிமுறையை, உள்நாட்டுப் போரின் செலவை ஈடுகட்ட 1643ஆம் ஆண்டு இங்கிலாந்து நாடாளுமன்றம் மேற்கொண்டது. அதனை முன்னின்று கொணர்ந்தவர் சான் பிம். துறைமுகத்தில் பெறும் சுங்கத்தை வணிகர் மட்டுமே நேரில் அறிவர். பீரும் மதுவும் வடிக்கும் இடத்துக்கே அலுவலர் வந்து அளந்து தண்டும் வரியோ எளிய மக்களின் கண்முன் நிகழ்வது. ஆகவே இதன்மீது எழுந்த வெறுப்பும் பெரிது. புகையிலை, ஒயின் ஆகியவற்றின் சுங்கத்தை எக்சைஸ் முறைக்கு மாற்ற 1733இல் இராபர்ட் வால்போல் முயன்றபோது எழுந்த எதிர்ப்பு, அம்மசோதாவை அவர் கைவிடும் அளவுக்குச் சென்றது.

சாமுவேல் சான்சனின் 1755ஆம் ஆண்டு அகராதி இவ்வெறுப்பைத் தலைச்சொல் விளக்கத்திலேயே பதிந்தது. வெறுக்கத்தக்க வரி என்றும், அதனை முறைப்படியான நீதிபதிகள் அல்லாமல் வரிபெறுவோரின் கூலியாட்களே முடிவுசெய்கின்றனர் என்றும் கருத்துப்பட அவர் எழுதினார். எக்சைஸ் ஆணையர்கள் இதனை அவதூறாகக் கருதி, அரசுத் தலைமை வழக்கறிஞர் வில்லியம் மரேயிடம் கருத்துக் கேட்டனர். அவதூறுதான் எனக் கொள்ளலாம்; எனினும் திருத்த வாய்ப்பளிப்பதே நன்று என்னும் போக்கில் அவர் அறிவுரை அமைந்தது; வழக்கு தொடுக்கப்படவில்லை. அகராதி விளக்கம் ஒன்று அரசு அலுவலகத்தின் சட்ட ஆலோசனைக்கு உரியதாயிற்று என்பது அகராதித் தொகுப்பாளர் அனைவரும் நினைவிற்கொள்ளத்தக்க செய்தி. சொற்பொருளில் நடுநிலை என்பது தானாக அமைவதன்று.

ஆங்கில ஒத்தபொருட் சொற்கள்

வரிப்பொருளில் எக்சைசுக்கு அண்மையில் நிற்கும் ஆங்கிலச் சொற்கள் பல. ஆனால் ஒவ்வொன்றின் உட்படிமமும் வேறு. ‘லெவி’ என்பது எழுப்புதல், உயர்த்துதல் என்னும் பொருளிலிருந்து வந்தது. ஆகவே படை திரட்டலுக்கும் அச்சொல் பொருந்துகிறது. ‘இம்போஸ்ட்’ மேலே வைத்தல். ‘வரி சுமத்துதல்’ என்னும் தமிழ் வழக்கு இதனோடு ஒக்கும். ‘டியூட்டி’ செலுத்தக் கடன்பட்டது. சோழர் கல்வெட்டுகளில் பயிலும் ‘கடமை’ என்னும் வரிப்பெயரின் உட்பொருளும் இதுவே. இவ்விரண்டும் வரியையும் ஒழுக்கக் கடனையும் ஒருங்கே குறிப்பது, மேலே கண்ட துணிவைப் போன்ற மற்றோர் இணைநடை. ‘செஸ்’ மதிப்பிடுதலிலிருந்து சுருங்கியது. இவற்றுள் எதிலும் வெட்டுதல் இல்லை.

நீக்கற்பொருளில் நிற்கும் சொற்களையும் ஒன்றாகக் கருதிவிட இயலாது. ‘எராடிகேட்’ வேரோடு களைதல். தமிழின் ‘வேரறுத்தல்’ அதற்குச் சொல்லுக்குச் சொல் நிகர். ‘எக்ஸ்பஞ்ச்’ என்பது நீக்கவேண்டிய எழுத்தின் கீழ்ப் புள்ளி குத்திக் காட்டிய பழைய ஏட்டு வழக்கோடு சேர்த்து விளக்கப்படும் சொல்; சட்டமன்றத்தில் ‘அவைக்குறிப்பிலிருந்து நீக்குதல்’ என்று கூறப்படுவது இதையே. எக்சைஸ் என்னும் வினையோ, சுற்றியுள்ளதைச் சிதைக்காமல் ஒரு பகுதியை மட்டும் கூர்மையாக வெட்டி முழுமையாக வெளியே எடுப்பதைச் சுட்டும். மருத்துவத்தில் கட்டியின் ஒரு துணுக்கை மட்டும் ஆய்வுக்கு எடுப்பதற்கும், கட்டி முழுவதையும் எடுப்பதற்கும் வேறு வேறு சொற்கள் ஆளப்படுகின்றன. பின்னதே எக்சைஸ் வழிவந்த பெயரைப் பெறும். ‘வெட்டுதல்’ என்று மட்டும் மொழிபெயர்த்தால் இவ்வேறுபாடு மறைந்துவிடும். ‘வெட்டியகற்றுதல்’, ‘அறுத்தகற்றுதல்’ என்னும் கூட்டுவினைகளே பொருந்துவன. நூற்பதிப்பில் ஒரு பகுதியை எடுத்துவிடுவதற்கு ‘நீக்குதல்’ போதும்; அங்கே கத்தி உருவகமாகவே இருக்கிறது.

தமிழ் வரிவினைகளில் நீக்கற்பொருள்

ஆங்கிலத்தில் தற்செயலாக நேர்ந்த இணைப்பு தமிழில் வேர் அளவிலேயே காணப்படுகிறதா என்பது அடுத்த வினா.

முதற்கண் கருதத்தக்கது தண்டு என்னும் வினை. தண்டுதல் என்றால் வரி முதலியவற்றைத் திரட்டிப் பெறுதல். தண்டல், தண்டற்காரர், தண்டல் நாயகம் ஆகியன இதன்வழி வந்தவை. இதே வடிவினதாகிய தண்டுதல் நீங்குதல், தணிதல் என்னும் பொருளிலும் பழைய இலக்கியத்தில் வழங்கியுள்ளது. திருக்குறளின் 1171ஆம் குறளில் இடம்பெறும் ‘தண்டாநோய்’ என்னும் தொடர் நீங்காத, தணியாத நோயைக் குறிக்கும். புறநானூற்றில் பயிலும் ‘தண்டா ஈகை’ குறைவுபடாத கொடை. ஆக, தமிழ் மாணவர் ஒருவர் ‘வரி பெறுதல், நீங்குதல்’ என்னும் இருபொருளைத் ‘தண்டு’ என்னும் ஒரே தலைவடிவின்கீழ்க் காண இயலும். ஆயினும் இரண்டுக்கும் ஒரு முக்கியமான இலக்கண வேறுபாடு உண்டு. வரிப்பொருளில் அது செயப்படுபொருள் குன்றாவினை, நீங்கற்பொருளில் குன்றியவினை. வடிவ ஒப்புமை ஒன்றையே கொண்டு இவற்றை ஒருவேர்ச் சொற்கள் எனத் துணிவது, ஆங்கிலேயர் எக்சைசில் செய்த பிழையை மீண்டும் செய்வதாகவே முடியும்.

தீர்வை என்னும் சொல்லின் நிலை இதனினும் தெளிவானது. தீர் என்னும் வினை முடிதல், நீங்குதல், விடுபடுதல் என்னும் பொருள்களைத் தரும். தொல்காப்பிய உரியியல் தீர்தல், தீர்த்தல் ஆகிய இரண்டையும் விடுதற்பொருளில் வைத்து உரைக்கிறது. நோய் தீர்தலும், கடன் தீர்த்தலும், வழக்குத் தீர்தலும் இப்பொருளின் விரிவுகள். செலுத்தித் தீர்க்க வேண்டியதாகவோ, இவ்வளவு என்று தீர்த்து வைக்கப்பட்டதாகவோ கொள்ளப்படும் தொகை தீர்வை ஆயிற்று. நிலத்தீர்வை என்னும் வழக்கு இவ்விரு விளக்கத்துக்கும் இடந்தரும். எவ்வாறாயினும் விடுதல் என்னும் கருத்து இதன் அடியில் உள்ளது. வரியைக் கொடுத்தவன் கடப்பாட்டிலிருந்து நீங்குகிறான். இங்கே நீக்கப்படுவது பொருள் அன்று, கடன். இந்நோக்கு கொடுப்பவன் பக்கம் நின்று காண்பது.

இறு என்னும் வினை மேலும் பல திறத்தது. இறுத்தல் முறித்தலையும் குறிக்கும், செலுத்துதலையும் குறிக்கும். வில்லை இறுத்தான் என்றால் முறித்தான். கடன் இறுத்தான் என்றால் செலுத்தினான். விடை இறுத்தான் என்றால் பதில் கூறினான். செலுத்தப்படுவதாகிய வரி இறை எனப்பட்டது. மறுபுறம் இறை என்பது அரசனுக்கும் பெயர். திருக்குறளில் அரசியலின் முதல் அதிகாரம் இறைமாட்சி. ஆகவே இறைக்கு உரியது இறை என்று கொள்வாரும், இறுக்கப்படுவது இறை என்று கொள்வாரும் உளர். கல்வெட்டு வழக்கு பின்னதற்கே துணைநிற்கிறது எனலாம். இறை இறுத்தல் என்னும் தொடரில் பெயரும் வினையும் ஒன்றையொன்று தழுவி வருதல் காண்க.

பங்கிடுதலைக் குறிக்கும் பகு என்னும் வினையிலிருந்து பிறந்த பகுதி என்னும் சொல் திறை, வரி என்னும் பொருளையும் பெற்றுள்ளது. பாளையக்காரர் காலச் செய்திகளில் பகுதிப்பணம் என்னும் வழக்கு உண்டு. விளைவில் அரசுக்குரிய கூறு மேல்வாரம். வாரம் என்றாலே பங்கு. அரபு மொழியிலிருந்து வந்த கிஸ்தியும் மூலத்தில் கூறு, தவணை என்னும் பொருளதே. எனவே முழுமையிலிருந்து பிரித்தெடுத்த பங்கே வரி என்னும் கருத்து, எக்சைசுக்குப் பொய்ச்சொற்பிறப்பாகவும் பகுதிக்கு மெய்ச்சொற்பிறப்பாகவும் அமைந்திருக்கிறது.

இவை அனைத்திலிருந்தும் விலகி நிற்பது, இன்று பொதுச்சொல்லாக நிலைத்துவிட்ட ‘வரி’ என்னும் சொல். கோடு, எழுத்தின் வரிசை என்னும் பொருளுடைய இச்சொல்லைச் சோழர் வருவாய்த் துறையின் வரிப்பொத்தகம், வரியிலிடுதல் ஆகிய வழக்குகளோடு சேர்த்து நோக்கினால், ஏட்டில் வரிசையாக எழுதி வைத்ததே வரி என்னும் விளக்கம் வலுப்பெறுகிறது. எக்சைசின் உண்மையான மூலமும் கணக்கெடுப்பே என்பதை முன்பே கண்டோம். ஆகவே அச்சொல்லின் சொற்பிறப்புக்கு நெருங்கிய தமிழ்ச்சொல் தேடினால், வெட்டோடு தொடர்புடைய சொற்கள் அல்ல, ‘வரி’ என்னும் எளிய சொல்லே கிடைக்கும்.

‘வெட்டி’ என்னும் இணை

ஒலி ஒப்புமையால் வரியும் வெட்டும் ஒரு வடிவில் சேர்ந்தமைக்குத் தமிழிலேயே சான்று உண்டு. சோழர் கல்வெட்டுகளின் வரிப்பட்டியல்களில் வெட்டி என்னும் சொல் அடிக்கடி வருகிறது. ஊருக்கோ அரசுக்கோ கூலியின்றிச் செய்ய வேண்டிய உழைப்பைக் குறிக்கும் இது, ‘விஷ்டி’ என்னும் வடசொல்லின் திரிபு. வெட்டு என்னும் வினையின் எச்சமாகிய ‘வெட்டி’யோடு இதற்கு யாதொரு தொடர்பும் இல்லை. ஊதியமற்ற உழைப்பு என்னும் பொருள் மங்கி, பயனற்றது என்னும் பொருள் ஏறி, ‘வெட்டி வேலை’, ‘வெட்டிப் பேச்சு’ என்று இன்றும் பேச்சுவழக்கில் அது உயிரோடு இருக்கிறது. வாய்க்கால் வெட்டுதலும் வெட்டியுள் அடங்கிய பணிகளில் ஒன்றாக இருந்தமையால், மண்ணை வெட்டுவதால் வெட்டி என்று விளக்க எவரேனும் முற்படலாம். ‘அக்’ என்பதை ‘எக்ஸ்’ ஆக்கிய மனப்பாங்கும் இதுதான். எக்சைசை வகுப்பறையில் விளக்க வேண்டிய ஆசிரியர்க்கு இதனினும் பொருத்தமான தமிழ் எடுத்துக்காட்டு கிட்டுவது அரிது.

கலால், ஆயத்தீர்வை, மதுவரி

எக்சைஸ் வரியின் தனித்தன்மை, பொருள் உண்டாகும் இடத்தில் அது விதிக்கப்படுவது. பொருள் இடம்பெயரும்போது பெறப்படுவது உல்கு அல்லது சுங்கம். இவ்வேறுபாட்டைப் பழந்தமிழ் நன்கு அறிந்திருந்தது. உல்குபொருளை அரசனது வருவாய்களுள் ஒன்றாகத் திருக்குறள் 756ஆம் குறளில் கூறுகிறது. உற்பத்திமீதான வரிகளோ பொதுப்பெயர் இன்றி, தொழிற்கருவியாலும் தொழிலாலும் பெயர்பெற்றன: செக்குக்குச் செக்கிறை, தறிக்குத் தறியிறை, கள் இறக்குதலுக்கு ஈழம்பூட்சி. ஈழம் என்பது கள்ளின் பெயர். பல்லவர் செப்பேடுகளிலேயே காணப்படும் ஈழம்பூட்சி, பொருளளவில் இன்றைய மது ஆயத்தீர்வையின் முன்னோடி எனலாம். ஆயினும் இப்பெயர்களைத் தொகுத்துச் சுட்டும் ஒரு சொல் உருவாகாமையால், ஆங்கிலேயர் ஆட்சியில் அயற்சொல் நுழைய வழி ஏற்பட்டது.

அவ்வாறு நுழைந்தவை இரண்டு. ஒன்று அப்காரி. நீரைக் குறிக்கும் பாரசீகச் சொல்லோடு தொழிலைக் குறிக்கும் சொல் சேர்ந்த இது, மது வடிப்புத் தொழிலையும் அதன்மீதான வரியையும் சுட்டிற்று. 1886ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டம் இப்பெயரைத் தாங்கியது. இந்தியில் மதுவரிக்கு இன்றும் இச்சொல்லே. மலையாளத்திலும் அது வாழ்கிறது. தமிழில் மறைந்துவிட்டது. மற்றொன்று கலால். வட இந்தியாவில் சாராயம் வடித்து விற்பவரைக் குறித்த இப்பெயர், தமிழில் தொழிலுக்கும் பின் வரிக்கும் ஆகிவந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்திச் சொல்லாகிய கலாலை இந்தி மொழியினர் வரிப்பெயராக ஆள்வதில்லை; நடுவண் அரசின் உற்பத்திவரிக்கு அவர்கள் வழங்குவது உற்பத்தித் தீர்வை என்னும் பொருளுடைய வடசொல் தொடர். கலால் வரிப்பொருளில் நிலைபெற்று வாழ்வது தமிழில்தான்.

கலாலின் பொருள் விரிவு தனியே கருதத்தக்கது. 1944ஆம் ஆண்டின் நடுவண் எக்சைஸ் மற்றும் உப்புச் சட்டம் பலவகை ஆலைப் பொருள்களை இவ்வரியின்கீழ்க் கொணர்ந்தது. 1996இல் அதன் பெயரிலிருந்து உப்பு நீங்கிற்று. சாராயம் விற்பவரின் பெயர் இதனால் துணி, சிமெண்டு, தீப்பெட்டி ஆகியவற்றின் வரிக்கும் உரியதாயிற்று. 2017 சூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின், நடுவண் அரசின் இவ்வதிகாரம் கச்சா எண்ணெய், டீசல், பெட்ரோல், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள், புகையிலை ஆகியவற்றோடு சுருங்கியது. எனவே நாளிதழ் படிக்கும் தமிழர்க்கு இன்று கலால் என்றதும் நினைவுக்கு வருவது பெட்ரோல் விலை, மது அன்று. மதுவின்மீது வரிவிதிக்கும் அதிகாரம் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலில் உள்ளது. அதற்குத் தமிழ்நாடு அரசு ஆளும் சொல் ஆயத்தீர்வை. மதுவிலிருந்து பிறந்த சொல் மதுவை விட்டு அகல, பொதுமையான சொல் மதுவுக்கு வந்து சேர்ந்தது.

ஆயத்தீர்வை இருபாற் கூட்டு. ஆயம் வருவாயைக் குறிக்கும் வடமொழித் தொடர்புடைய பழைய வழக்கு. தீர்வை முன்னர்க் கண்டது. தீர்வையின் அடியிலுள்ள விடுதற்பொருளால், வரியும் நீக்கமுமாகிய எக்சைசின் இரு பொருளுக்கும் இத்தொடர் எதிர்பாராமல் இடந்தருகிறது. ஆக்கியோர் இதனைக் கருதியிருக்க வேண்டியதில்லை. இலங்கைத் தமிழ் வழக்கு வேறு தீர்வு கண்டது. 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் வழிவந்த துறை அங்கு மதுவரித் திணைக்களம். பிற பொருள்கள்மீதான எக்சைசுக்கு உற்பத்தி வரி என்பது வழக்கு. ஆங்கிலத்தில் ஒன்றாக இருந்ததை இரண்டாகப் பிரித்த இம்முறை, பயன்பாட்டுத் தெளிவில் தமிழக வழக்கினும் மேம்பட்டது என்றே கூறவேண்டும். மதுவரி என்ற சொல்லுக்கு விளக்கவுரை எவர்க்கும் தேவையில்லை. கலாலுக்கும் ஆயத்தீர்வைக்கும் தேவைப்படுகிறது.

வரியை நீக்குதல்

வரிவிதித்தலும் நீக்குதலும் சொல்லளவில் மட்டுமன்றி ஆட்சியிலும் எதிரெதிர் நிற்பவை. முதற் குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்த சோழன் எனப்பட்டான். தவிர்த்தல் என்னும் வினையின் தேர்வு நோக்கத்தக்கது. அது வெட்டுதலோ அறுத்தலோ அன்று, மேற்கொண்டு நிகழாமல் விலக்குதல். கல்வெட்டுகளில் வரிநீக்கத்துக்கு இறை இழிச்சுதல் என்ற வழக்கும் உண்டு. இழிச்சுதல் என்றால் இறக்குதல். ஏற்றிய சுமையை இறக்கும் படிமம் இது. இல்லாமையை உணர்த்தும் இறையிலி என்னும் சொல்லோ விளைவை மட்டும் கூறுகிறது. இறையிலி நிலமும் முற்றிலும் வரியற்றது அன்று என்பதை மறத்தலாகாது. ஊர்ச்சபையிடம் இறைத்திரவியம் என ஒரு தொகையை முன்னரே செலுத்தி நிலத்தை இறையிலி ஆக்கிய நிகழ்வுகள் பல. அரசுக்குரிய இறையைச் சபை தன் பொறுப்பில் செலுத்தி வந்தது. அங்கே வரி நீங்கவில்லை, தோள் மாறியது.

அண்மைக் காலத்திலும் இதற்கு இணை உண்டு. 1937 அக்டோபர் 1 அன்று இராசாசியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியது. அதனால் இழந்த அப்காரி வருவாயை ஈடுசெய்ய 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் இயற்றப்பட்டது. ஒரு வரி விலக, மற்றொரு வரி விதிக்கப்பட்டது. தமிழ்நாடு அரசின் துறைப்பெயர் இன்று ‘மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை’ என வழங்குகிறது. மதுவை நீக்குவதைச் சுட்டும் சொல்லும், அதே மதுவால் வரும் வரியைச் சுட்டும் சொல்லும் ஒரே பெயர்ப்பலகையில் அடுத்தடுத்து நிற்கின்றன.

அகராதிப் பதிவு

மேற்கண்டவற்றின்படி இருமொழி அகராதியில் எக்சைஸ் இரண்டு தனித் தலைச்சொற்களாக எண்ணிட்டுத் தரப்பட வேண்டும். முதலாவது பெயர்ச்சொல், உள்நாட்டில் உற்பத்தியாகும் பொருளின்மீது உற்பத்தியிடத்தில் விதிக்கும் வரி என்னும் விளக்கத்துக்குப்பின், ஆயத்தீர்வை என்பது சட்டவழக்கு, கலால் என்பது இதழியல் வழக்கு, மதுவரி மற்றும் உற்பத்தி வரி என்பன இலங்கை வழக்கு எனக் குறிப்புகள் அமைதல் வேண்டும். இவ்வழக்குக் குறிப்பு இன்றி நான்கையும் காற்புள்ளியால் அடுக்குவது, மதுவரியைப் பெட்ரோலுக்கும் பயன்படுத்தும் மொழிபெயர்ப்புக்கு வழிவகுக்கும். இரண்டாவது வினைச்சொல், வெட்டியகற்று, அறுத்தகற்று என்பன மருத்துவத்துக்கும், நீக்கு என்பது பனுவலுக்கும் உரியன. முதலாவதன் கீழ்ப் பெயரெச்சமோ வினையெச்சமோ தரத் தேவையில்லை, ஏனெனில் வரிப்பொருளில் இச்சொல் வினையாக வருதல் இன்றைய ஆங்கிலத்தில் மிக அருகியது. ‘எக்சைஸ்டு’ என்று இறந்தகால வடிவில் ஒரு தொடரில் வந்தால், அது அநேகமாக அறுவை அறையையோ பதிப்பாசிரியரின் மேசையையோ சார்ந்தது. கணினிவழி மொழிபெயர்ப்புக்குச் சொற்றரவு தொகுப்போர் இவ்வொரு வடிவக் குறிப்பைச் சேர்த்தாலே, அறுவை அறிக்கைக்குள் கலால் நுழைவதைப் பெரும்பாலும் தடுக்க இயலும்.